படம் தப்பியது, மூடி போனது: ஒரு கடைவீட்டு மரபுடைமை அறையில் பூசணம்

10 நாள் பூட்டிக் கிடந்த அறையை ஜனவரி 3ஆம் தேதி காலையில் திறந்ததும் முகத்தில் அடித்தது ஈரச் சாக்கு வாடை. எஃகு அலமாரியின் பின்வரிசை ஆல்பங்களின் முதுகெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. பொங்கல் கண்காட்சிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தொண்டூழியர்கள் 6 பேர் கை சேர்ந்து 4 மணி நேரத்தில் அறையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். பூசணம் 10 நாளில் செய்ததைவிட அந்த 4 மணி நேரம் செய்த சேதம் பெரிது.

இது ஒரே சங்கத்தில் நடந்தது அல்ல. சிங்கப்பூரில் சிறிய சங்கங்களும் குடும்ப அமைப்புகளும் நடத்தும் காட்சி அறைகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஓர் அறைக்குள் வைத்து எழுதியது. அறையின் அளவும் நாள்களும் கணக்குப் போட வசதியாக வைத்தவை. வெப்பமும் ஈரமும் காகிதமும் நடந்துகொள்ளும் விதம் நிஜம்.

அறையும் அதில் இருந்தவையும்

இடம் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. அந்த வட்டாரம் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். உள்ளே 72 கன மீட்டர் காற்று. பலகைத் தளம். தெருப்பக்கம் சாய்வுப் பலகை வைத்த மரச் சன்னல்கள். ஒரு பக்கம் அண்டைக் கடைவீட்டோடு பொதுச்சுவர். முகப்பை மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதனால் சன்னலை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடுவதெல்லாம் நடக்காது. எது செய்தாலும் உள்பக்கமாகத்தான் செய்ய வேண்டும்.

பொதுச்சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் எப்போதோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். பெயிண்ட் அதன் வாயைக் கட்டிவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் எஃகு அலமாரி நின்றது, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல்.

அலமாரியில் இருந்தவை: செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்களின் ஆல்பங்கள், 1950களின் தமிழர் திருநாள் மலர்கள், நாடக நோட்டீசுகள், சங்கத்தின் வரவு செலவு ஏடுகள், நாளிதழ் வெட்டல்கள். வெளியே கண்ணாடிப் பெட்டியில் பித்தளைப் பாத்திரங்கள். தேசியச் சேகரிப்புக்கு ஜூரோங்கில் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது; வாய்மொழி வரலாற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து பதிவு செய்கிறது; கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது. ஆனால் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு கப்பல்துறைத் தொழிலாளியின் மகள் பூப்புனித நீராட்டுப் படம் போன்றவை பெரும்பாலும் இப்படிப்பட்ட அறைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

ஈரம் வந்த வழி

டிசம்பர் 24 அன்று ஆண்டிறுதி ஒன்றுகூடல். குளிரூட்டி நாள் முழுக்க 22 டிகிரியில் ஓடியது. மாலை 6 மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது, நீண்ட விடுமுறை என்று மின்சார முதன்மை விசையையே அணைத்துவிட்டார்கள். ஈரமுறிஞ்சும் இயந்திரமும் அதே இணைப்பில் இருந்தது. அதுவும் நின்றது.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. விடியலுக்குச் சற்று முன் 90 விழுக்காட்டைத் தாண்டும்; மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். டிசம்பர், ஜனவரி தொடக்கம் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டம், பிற்பகலிலும் பெரிதாக இறங்காது. 27 டிகிரி வெப்பத்தில் 84 விழுக்காடு ஈரமுள்ள காற்றின் பனிநிலை சுமார் 24 டிகிரி. அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் பூக்கும். அன்று மாலை அலமாரியின் தகடு, கண்ணாடி, பித்தளை எல்லாமே 22 டிகிரி. குளிரூட்டி நின்றதும் பலகைத் தள இடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் வெளிக்காற்று உள்ளே வந்தது. குளிர்ந்த தகரக் குவளை மேசையில் வியர்ப்பதைப் போல அலமாரி வியர்த்தது.

அந்த வியர்வை சில மணி நேரத்தில் காய்ந்திருக்கும். ஆனால் காய்ந்த ஈரம் காகிதத்துக்குப் போனது. காகிதமும் அட்டையும் பஞ்சு மாதிரி. அடுத்த 10 நாளும் உள்ளே 80 விழுக்காட்டுக்கு மேல். 65 விழுக்காட்டுக்குக் கீழே பூசணம் முளைப்பது அரிது. 80ஐத் தாண்டி வெப்பமும் 27 டிகிரி என்றால் ஒரு வாரம், 10 நாள் போதும். சுவரை ஒட்டிய பின்வரிசையில் காற்றோட்டமும் இல்லை. முன்வரிசை ஆல்பங்கள் தப்பியதற்கும் பின்வரிசை பூத்ததற்கும் காரணம் அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறை சில்லென்று இருந்தால் பொருளுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. பகலில் 22, இரவில் 28 என்று ஊஞ்சலாடுவதைவிட, நாள் முழுக்க 27 டிகிரியும் 55 விழுக்காடும் இருப்பது காகிதத்துக்கு எவ்வளவோ மேல். ஆளுக்குத்தான் குளிர் வேண்டும். ஆவணத்துக்கு வேண்டியது உலர்ந்த, அசையாத காற்றுநிலை.

அந்த 4 மணி நேரம்

கதவைத் திறந்ததும் மின்விசிறியையும் குளிரூட்டியையும் முழு வேகத்தில் போட்டார்கள். பூசணத்தின் வித்துகள் முன்வரிசைக்கும், குளிரூட்டியின் உள்சுருளுக்கும் போய்ச் சேர்ந்தன. பிறகு ஈரத் துடைப்பான் காகிதத்தால் ஆல்பங்களைத் துடைத்தார்கள். பஞ்சாகத் தெரிந்தது போனது. ஆனால் ஈரத்தோடு தேய்த்ததில் வித்து அட்டையின் நாருக்குள் இறங்கியது, ஊதா மையில் போட்ட சங்க முத்திரைகள் கலங்கின.

ஆல்பங்கள் இரண்டு வகை. பழையவை கறுப்புத் தாளில் மூலை ஒட்டிச் செருகியவை. 1970, 80களைச் சேர்ந்தவை பசைக்கோடு போட்ட அட்டையின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடியவை. இரண்டாவது வகையின் பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். "படத்தையாவது காப்பாற்றுவோம்" என்று இரண்டிலிருந்தும் படங்களை உருவி, பின்கட்டில் வெயிலில் பரப்பினார்கள். வண்ணப் படங்கள் சுருண்டன. உருவிய அட்டைகளும், அவற்றில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த குறிப்புகளும் பூசணம் பிடித்தவை என்று கறுப்புப் பைக்குள் போயின.

கூடவே அட்டைப்பெட்டிகளும் போயின. அங்கேதான் கதை முடிந்தது. சங்கத்தின் பதிவேட்டில் இந்தச் சேகரிப்புக்கு இருந்தது ஒரே வரி: "பழைய புகைப்படங்கள், 4 பெட்டி." யார் கொடுத்தது, எந்தக் குடும்பம், எந்தக் குடியிருப்பு, எந்த ஆண்டுகள் என்பதெல்லாம் பெட்டி மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. மூடி குப்பைக்குப் போன அன்று, நான்கு குடும்பங்களின் படங்கள் பெயரில்லாத ஒரே குவியலாகிவிட்டன. பூசணத்தைத் துடைக்கலாம். கறை இருந்தாலும் முகம் தெரியும். யார் முகம் என்பது மூடியோடு போய்விட்டது.

கடைசியாக, அலமாரித் தட்டுதோறும் பாச்சை உருண்டை வைத்தார்கள். அது பூசணத்தைத் தடுக்காது. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். மூடிய அறையில் மூச்சுக்கும் கெடுதல். அலமாரியில் பாச்சை உருண்டை வாடை வருகிறதென்றால், ஈரப்பதமானி இல்லாத அறை என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

செய்திருக்க வேண்டியது

முதல் அரை மணி நேரம் எதையும் தொடக்கூடாது. விசிறி, குளிரூட்டி இரண்டும் நிற்கட்டும். என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேர் மட்டும் உள்ளே. ஆஸ்துமா, நுரையீரல் தொல்லை உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வேண்டாம், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும். தட்டுதட்டாக, பெட்டி பெட்டியாக, மூடி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். ஆல்பம் என்றால் ஒவ்வொரு பக்கமும், குறிப்பு படிக்கும்படி. ஒருவர் புரட்ட ஒருவர் எடுத்தால் 200 பக்கம் ஒரு காலைப்பொழுதில் முடியும். இதைச் செய்யாமல் எந்தப் பொருளும் இடம் மாறக்கூடாது.

அடுத்து ஈரமுறிஞ்சியை ஓடவிட்டு, அறையை ஓரிரு நாளில் 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஈரமான பூசணம் பிசுபிசுவென்று இழுபடும், உலர்ந்தால் தூளாகும். தூளான பிறகுதான் அதை எடுக்க முடியும். அதுவரை பாதித்தவற்றைச் சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றித் தனியே வைக்கலாம். ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி நாள்கணக்கில் விட்டால், பூசணத்துக்கு நாமே குடில் கட்டிக்கொடுத்தது மாதிரி. நனைந்தே போயிருந்தால் கணக்கு வேறு: 48 மணி நேரத்துக்குள் காய வைக்க முடியாது என்று தெரிந்தால் காகிதங்களை உறைபெட்டியில் போட்டு நேரம் வாங்கலாம். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை உறைய வைக்கக்கூடாது.

தூள் எடுக்க ஹெப்பா வடிகட்டி, அதாவது மிக நுண்ணிய தூசையும் பிடித்து நிறுத்தும் வடிகட்டி, உள்ள தூசு உறிஞ்சி வேண்டும். சாதாரண இயந்திரம் முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும். குழாய் வாயில் மெல்லிய வலை கட்டி, குறைந்த வேகத்தில், மென்மயிர்த் தூரிகையால் தூளை அதன் பக்கம் தள்ள வேண்டும். குழாய் காகிதத்தைத் தொடக்கூடாது. 70 விழுக்காட்டு ஆல்கஹால் அலமாரித் தகட்டுக்கு நல்லது, மை உள்ள காகிதத்துக்கு ஆகாது. பிளீச் எதற்கும் வேண்டாம்.

பசைக்கோட்டு ஆல்பத்திலிருந்து படத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெழுகு பூசாத பல்லிழையை ஒரு மூலையில் நுழைத்து, அறுப்பதுபோல் மெதுவாக இழுக்க வேண்டும். படம் வளையக்கூடாது, அட்டை வளையலாம். முரண்டு பிடித்தால் விட்டுவிடுவது நல்லது, கிழிந்த முகத்தைவிட மஞ்சளான பக்கம் மேல். கறுப்புத் தாள் ஆல்பத்தைப் பிரிக்கவே தேவையில்லை. அது ஒரு குடும்பம் தன்னைத் தானே அடுக்கி வைத்த வரிசை. அந்த வரிசையே ஓர் ஆவணம்.

பெட்டியும் மூடியும் பூசணம் பிடித்திருந்தாலும் எழுத்துள்ள பகுதியை வெட்டி எடுத்து, உலர்த்தி, பாலியெஸ்டர் உறையில் போட்டுச் சேகரிப்போடு வைக்கலாம். பிவிசி உறை கூடாது. லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் உரிப்பது நிபுணருக்கே மிகக் கடினம். இதைச் சொன்னால் பல சங்கங்களில் முகம் வாடுகிறது, ஏனென்றால் வாங்கிய முதல் இயந்திரமே அதுதான்.

அறையைச் சரிசெய்த கணக்கு

பெரிய ஈரமுறிஞ்சி வாங்குவதுதான் முதல் யோசனையாக வந்தது. கணக்கு வேறு சொல்கிறது. வெளிக்காற்றில், 27 டிகிரி 84 விழுக்காட்டில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21.7 கிராம் நீராவி. நமக்கு வேண்டிய 25 டிகிரி 55 விழுக்காட்டில் 12.7 கிராம். வித்தியாசம் 9 கிராம். 72 கன மீட்டர் காற்று ஒரு முறை மாறினால் சுமார் 650 கிராம் தண்ணீர் உள்ளே வருகிறது. இடுக்குகள் வழியே மணிக்கு ஒரு முறை காற்று மாறுகிறதென்றால் ஒரு நாளைக்கு 15 லிட்டருக்கு மேல்.

கடையில் 20 லிட்டர் என்று எழுதியிருக்கும் இயந்திரம் அந்த அளவை எடுப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரத்தில். அறை 55க்கு இறங்கிய பிறகு அதில் பாதி எடுத்தாலே பெரிது. ஆக, இடுக்கை அடைக்காமல் வாங்கும் இயந்திரம் ஓட்டைக் குடத்தில் நீர் இறைக்கும் வேலைதான். சன்னலின் உள்பக்கம் சட்டம் அடித்துத் தெளிந்த அக்ரிலிக் பலகை, ஓரங்களில் ரப்பர் பட்டை, பலகைத் தளத்தின்மேல் வினைல் விரிப்பு, கதவடியில் தூரிகைப் பட்டை. காற்று மாறுவது பாதியானால் தண்ணீரும் பாதியாகும். அந்த 7, 8 லிட்டரை ஒரு நடுத்தர இயந்திரம் சமாளிக்கும்.

இயந்திரத்தில் உள்ள தொட்டி 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அரை நாளில் நிரம்பும். நிரம்பினால் தானே நின்றுவிடும். வெள்ளி மாலை பூட்டிவிட்டுப் போனால் சனிக்கிழமை விடிவதற்குள் வேலை நிறுத்தம். தொட்டியை நம்பாமல், ரப்பர் குழாயை இறக்கமாகக் குளியலறை வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் எங்கும் மேடு இருக்கக்கூடாது. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு, விசையின்மேல் "அணைக்காதீர்" என்ற தாள். குளிரூட்டியைப் பொறுத்தவரை, இன்வெர்ட்டர் வகை குறித்த குளிர் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுருள் அவ்வளவாகக் குளிராது, ஈரமும் இறங்காது. அதை ஈரமுறிஞ்சியாக எண்ணக்கூடாது. ஆள் வரும்போது 25 டிகிரியில் போட்டால் போதும்.

அலமாரி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும். ஈரப்பதமானி இரண்டு: ஒன்று அலமாரியின் பின்மூலையில், ஒன்று அறை நடுவில். நடுவில் இருப்பது நல்ல செய்தி மட்டும் சொல்லும். மானி சரிதானா என்று பார்க்க, ஒரு சிறு மூடியில் கல்லுப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, மானியோடு மூடும் பையில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் 4 கழித்துப் படிக்கலாம்.

குவியலைப் பிரித்தது எப்படி

இந்த நிகழ்வில் சுவையான பகுதி இதுதான். குப்பை வண்டி போய்விட்டது, மூடிகள் திரும்பாது. ஆனால் சேதமே ஒரு சாட்சி.

ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த படங்களில் ஈரம் ஊறிய பழுப்புக் கோடு ஒரு படத்தின் முதுகிலும் அடுத்ததன் முகத்திலும் கண்ணாடிப் பிம்பம்போல் விழுந்திருக்கும். கோட்டின் உயரம் அடுக்கில் கீழே போகப் போக மாறும். அந்த வரிசையில் வைத்தால் அடுக்கு திரும்ப வருகிறது. இராமபாணப் பூச்சி அரித்த இடம் பல தாள்களில் ஒரே மூலையில் விழும். துருப்பிடித்த குண்டூசிப் புள்ளி மூன்று படங்களில் பொருந்தினால் அவை ஒரே கட்டு. பசைக்கோடுகளின் இடைவெளி ஆல்பத்துக்கு ஆல்பம் வேறு. படத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் கோடுகளை அளவுகோலால் அளந்தாலே எந்த ஆல்பம் என்று பிரிக்கலாம். முதுகில் ஸ்டூடியோ முத்திரை, தாள் நிறுவனத்தின் அச்சு, ஓரத்தின் நெளிவெட்டு ஆகியவை காலத்தைக் குறுக்கும். ஆகவே கறையைச் சுத்தம் செய்யும் முன் ஒவ்வொரு படத்தையும் இரு பக்கமும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் இரண்டாவது முறையும் மூடியை எறிந்ததாகிவிடும்.

அதன் பிறகுதான் பெரியவர்களிடம் போக வேண்டும். கடற்படைத் தளத்திலிருந்து பிரிட்டிஷார் வெளியேறியது 1971இல். அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கே இப்போது எழுபதை ஒட்டி வயது. எண்ணிட்ட உறையில் படங்களைக் கொடுத்து, "அய்யா, இதில் யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "இது உங்க மாமா வீட்டுக் கல்யாணம்தானே?" என்று எடுத்துக்கொடுத்தால், மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். அக்காவையும் தம்பியையும் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும். இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதிக்கொள்ள வேண்டும். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

எண் முறை எளிது: ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அதில் எத்தனையாவது பொருள். 2025.3.12 என்றால் 2025இல் மூன்றாவதாக வந்த கொடையின் 12ஆம் பொருள். படத்தின் முதுகில் ஓரமாக 2பி பென்சிலால், அழுத்தாமல். பளபளப்புத் தாளில் பென்சில் ஏறாது, உறையில் எழுத வேண்டும். துணிக்குப் பருத்தி நாடாவைத் தைக்கலாம். உலோகத்துக்குப் பாரலாய்டு பி-72 என்ற தெளிந்த, பிறகு கரைத்து எடுக்கக்கூடிய பிசின் ஒரு பூச்சு, அதன்மேல் மை, அதன்மேல் மறுபூச்சு. பதிவேடு மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: அறையில் தாளில், செயலாளரின் கணினியில், அறைக்கு வெளியே வேறொருவர் வீட்டில்.

பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காட்சிக்கு முன் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் எல்லா அறைகளிலும் உண்டு, கையும் சும்மா இருக்காது. நம் வீட்டுச் செம்பிலும் குடத்திலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சில சமயம் ஊரும் தேதியும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த எழுத்து கொஞ்சம் கரைகிறது, புளியின் அமிலமும் உப்பும் வெட்டுக்குள் தங்கிப் பச்சை பூக்கிறது. மென்துணியால் தூசு தட்டினால் போதும். மங்கலான செம்பு அழுக்கான செம்பு அல்ல.

வரவு செலவு ஏடுகளையும் உறுப்பினர் பட்டியல்களையும் காட்சிக்கு வைக்கும்போது அடையாள அட்டை எண், முகவரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 100 ஆண்டு கடந்த பதிவேட்டுக்குப் பொருந்தாது; 1970களின் சந்தாப் புத்தகத்தில் உள்ளவர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள். அசலில் மை பூசக்கூடாது. பிரதி எடுத்து, பிரதியில் மறைத்து வைக்கலாம்.

கறையும் பசைக்கோடும் பெரியவர்களின் நினைவும் சேர்ந்து, குவியலில் பெரும்பகுதி நான்கு குடும்பங்களுக்கும் திரும்பியது. மிச்சத்தை ஏதோ ஒரு குடும்பத்தில் சேர்த்துக் கணக்கை முடித்துவிடும் ஆசை குழுவில் வந்தது. அது மறுக்கப்பட்டது சரி. அவை அமிலமில்லாத ஐந்தாவது பெட்டி ஒன்றில் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில், உள்ளே உள்ள தாளில், பதிவேட்டில் என்று மூன்று இடத்திலும் எழுதியிருக்கிறது: "எந்தக் குடும்பம் என்று தெரியவில்லை. ஜனவரி 3 அன்று கலந்தவை." மூடியில் எதுவும் எழுதவில்லை.